சொட்டு விடாத மாரிசாமி

மாரிசாமி அண்ணன் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் குழாயைத்தான் நலம் விசாரிப்பார். வீட்டுக்காரர் எல்லாம் அப்புறம்தான். போன வருடம் நோன்புப் பெருநாளைக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், கை கழுவப் போய் முக்கால் மணித்தியாலமாகத் திரும்பவில்லை. பிரியாணி ஆறிப்போனது, என் மனைவியின் முகம் சூடாகிப்போனது. நான் எழுந்து போய்ப் பார்த்தால் மனிதர் கழுவும் தொட்டிக்குக் கீழே மல்லாந்து படுத்திருக்கிறார். "வாசர் போயிருக்கு தம்பி, சொட்டுது," என்றார். அன்று அவர் இறுக்கிவிட்டுப் போன குழாயை மறுநாள் காலை என் மனைவியால் திறக்க முடியவில்லை. அவள் என்னைக் கூப்பிட்டாள். நான் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

அவருக்கு அறுபத்தொரு வயது. நமுனுகுலவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அதே தோட்டத்துப் பெக்டரியில் முப்பத்தெட்டு வருடம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. கொழுந்து அரைக்கிற ரோலர், கொதிகலன், தண்ணீர்க் குழாய் எல்லாம் அவர் பொறுப்பில் இருந்தன. அவர் காலத்தில் அந்தப் பெக்டரியில் ஓரிடத்திலும் ஒரு சொட்டு ஒழுகியதில்லை என்று சொல்வார். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். பசறை பஸ் கண்டக்டர்கள் எல்லாருக்கும் இது மனப்பாடம்.

இப்படிப்பட்டவரை எங்கள் ஆய்வு நிலையத்துக்குக் கூட்டிவந்தவன் நான்தான். பெயர் றிஸ்னி. பதுளையில் ஒரு கடைக்கு மேலே இருக்கும் அந்தச் சிறிய நிலையத்தில் நான் உதவியாளர். உதவியாளர் என்றால் என்ன வேலை என்று என் மனைவி பதினோரு வருடமாகக் கேட்கிறாள். பிறகு நடந்த கூத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நிலையத்தின் பொறியியலாளர் ஷிப்னா மிஸ். பண்டாரவளைப் புடவைக்கடைக்காரர் ஒருவருடைய மகள், முப்பத்திரண்டு வயது. சிறுநீரக நோயாளியின் இரத்தம் உடம்பிலிருந்து சுத்திகரிக்கும் இயந்திரத்துக்குப் போய்த் திரும்புமே, அந்தக் குழாயின் உட்புறத்துக்கு அவர் ஒரு புதிய பூச்சு கண்டுபிடித்திருந்தார். இரத்தம் அந்நியப் பொருள் எதைத் தொட்டாலும் முரண்டு பிடிக்கும். ஒன்று உறையும், இல்லாவிட்டால் அதன் சிவப்பணுக்கள் உடையும். மிஸ்ஸின் பூச்சு போட்ட குழாயில் இரண்டும் நடக்காது என்பது அவருடைய நம்பிக்கை. மூன்று வருட உழைப்பு அது.

ஆனால் நம்பிக்கையை நோயாளியின் கையில் குத்த முடியாது. முதலில் குழாயில் இரத்தத்தை ஓடவிட்டுச் சோதிக்க வேண்டும். அந்த இயந்திரம் எங்களிடம் இல்லை. வெளிநாட்டுக்கு அனுப்பினால் முறை வர எட்டு மாதம். அதனால் மிஸ் தானே ஒன்றை வரைந்தார். செய்து கொடுக்க ஆள் தேடியபோதுதான் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் மாரிசாமி அண்ணனின் பெயரைச் சொன்னேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த மனிதர் வேலையில் மன்னன். பழைய குளிர்சாதனப் பெட்டியின் கூட்டுக்குள் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியின் சூடேற்றியைப் பொருத்தி, உடம்பின் சூட்டை அரைப் பாகை பிசகாமல் நிறுத்தினார். அதற்குள் இரண்டு குழாய் வளையங்கள். ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு பம்ப். பம்பில் சுழலும் சின்ன உருளைகள் குழாயை வெளியிலிருந்து அமுக்கி அமுக்கி உள்ளேயிருக்கும் இரத்தத்தைத் தள்ளும். ஒரு வளையத்தில் ஏற்கெனவே ஆஸ்பத்திரிகளில் பாவிக்கும் வெளிநாட்டுக் குழாய், மற்றதில் மிஸ்ஸின் குழாய். அடையாளத்துக்காக மிஸ் தன் குழாயில் ஒரு நீலப் புள்ளி வைத்திருந்தார். இரண்டிலும் ஒரே இரத்தம் இரண்டு மணித்தியாலம் ஓடும். பிறகு கொஞ்சம் எடுத்துச் சுழலவிட்டால் அணுக்கள் அடியில் படியும். மேலே தெளிந்த நீர் மஞ்சளாக இருந்தால் நல்லது. சிவப்பாக இருந்தால் அணு உடைந்திருக்கிறது, குழாய் ஆகாது.

இரத்தம் கொண்டுவருவது உதவியாளரின் வேலை. விடிந்ததும் மடுவத்துக்குப் போய், உறையாமலிருக்கும் மருந்தைப் போத்தலில் விட்டு, ஸாஹிர் நானா மாடு அறுக்கும்போது பிடித்துக்கொண்டு ஓடிவர வேண்டும். இரத்தத்தை விற்பது மார்க்கத்தில் கூடாது என்பதால் நானா ஒரு சதமும் வாங்க மாட்டார். சும்மா கொடுப்பதால் அளவும் பார்க்க மாட்டார். ஒரு போத்தல் கேட்டால் இரண்டு போத்தல் தருவார். பௌர்ணமிப் போயா நாளில் மடுவம் மூடியிருக்கும் என்பதால், பதுளையிலேயே நிலாவைப் பார்த்து நாள் குறித்துச் சோதனை செய்த ஒரே இடம் எங்களுடையதாகத்தான் இருக்கும். வீட்டுக்குப் போனால் என் மனைவி வாசலிலேயே சட்டையைக் கழற்றச் சொல்வாள். நமுனுகுலவில் மாரிசாமி அண்ணனின் மனைவி கருப்பம்மா அக்கா அவரைத் தலைமுழுகாமல் லயத்து வீட்டு வாசற்படி ஏறவே விடவில்லை. இந்த ஒரு விஷயத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சட்டம்.

கடைத்தெருவில் வேறு கதை பரவிவிட்டது. மேல்மாடியில் ஒரு மெஷின் இருக்கிறதாம், வாரத்துக்கு ஒரு தடவை இரத்தம் குடிக்கிறதாம். கீழ்க் கடைக்காரர் என்னைப் பார்த்து, "இன்டைக்குக் குடிச்சிட்டா?" என்று கேட்பார்.

முதல் சோதனையில் வெளிநாட்டுக் குழாயின் நீர் மஞ்சள், மிஸ்ஸின் குழாயின் நீர் சிவப்பு. மிஸ் பூச்சை மாற்றினார். இரண்டாவது சோதனையிலும் சிவப்பு. பூச்சை மெல்லியதாக்கினார், தடிப்பாக்கினார், காய வைக்கும் நேரத்தைக் கூட்டினார். எல்லாம் சிவப்புத்தான். பம்பில் கோளாறோ என்று சந்தேகப்பட்டு, இரண்டு குழாய்களையும் பக்கம் மாற்றிப் போட்டுப் பார்த்தார். அப்போதும் அவருடைய குழாய்தான் சிவந்தது. இப்படி இரண்டு மாதத்தில் எட்டுச் சோதனை முடிந்துவிட்டது. மிஸ் மெலிந்துபோனார். மத்தியானச் சாப்பாட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவார். எனக்கு அந்தப் பிள்ளையைப் பார்க்கப் பாவமாக இருந்தது, கோபமும் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததால் வீட்டில் கோபப்பட்டேன்.

மாரிசாமி அண்ணனுக்கும் பொறுக்கவில்லை. "நம்ம மிஸ் கொழாய் எப்புடித் தம்பி தோக்கும்? நான் தெனம் காலையில வந்து பாக்குறேன்ல," என்பார். அந்த 'பாக்குறேன்' என்ற சொல்லை நான் அன்றே பிடித்து உலுக்கியிருக்க வேண்டும்.

ஒன்பதாவது சோதனைக்குக் கொழும்பிலிருந்து ஒரு பேராசிரியை வருவதாக இருந்தது. வேலைத்திட்டத்தைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று முடிவெடுப்பவர் அவர். அன்றும் சிவந்தால் கதை முடிந்தது. மிஸ் மூன்று வருடத்தை மூட்டை கட்டிக்கொண்டு பண்டாரவளைக்குப் போக வேண்டும். அங்கே அவருடைய வாப்பா, சேலைக் கணக்குப் பார்க்க ஆள் இல்லை என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பேராசிரியை வந்தார். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்து எல்லாவற்றையும் பார்த்தார். இரத்தம் இரண்டு மணித்தியாலம் ஓடியது. சுழலவிட்டு எடுத்தோம். ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. மிஸ் அந்தச் சிவப்புக் குழலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பேராசிரியை நல்ல மனுஷிதான், ஆனாலும் பேனையைத் திறந்துவிட்டார்.

எழுதுவதற்கு முன்னால் முறைக்காக ஒன்று கேட்டார். பம்பின் உருளைகளை எவ்வளவு இறுக்கம் வைக்கிறீர்கள்? மிஸ் ஆங்கிலத்தில் விளக்கினார். மூலையில் நின்ற மாரிசாமி அண்ணன் என் முழங்கையை இடித்தார்.

"என்ன தம்பி பேசிக்கிறாங்க?"

"உங்க பம்பப் பத்தித்தான் அண்ணே. உருளை குழாய முழுசா நசுக்கக் கூடாதாம். நசுக்கினா இரத்த அணு ஒடஞ்சிருமாம். அதுக்காகத்தான் மிஸ் சோதனைக்கு முதல் நாள் பின்னேரம் குழாயில உப்புத் தண்ணி நிரப்பி, தண்ணி நிமிசத்துக்கு ஒரு விரக்கட எறங்குற மாதிரி திருகாணிய வைக்கிறாங்களாம். கொஞ்சம் ஒழுகத்தான் வேணுமாம்."

"ஒழுகணுமா?"

"ஓம். வேணும்டுதான் ஒழுக விடுறாங்க."

அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். மெல்ல வெளியே போய்விட்டார். பின்னால் போய்ப் பார்த்தேன். மாடிக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் வீணாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாரிசாமி அண்ணன் தண்ணீரை வீணாக ஓடவிட்டு நின்றால் யாரோ செத்துப்போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"தெனம் காலையில ஆறரைக்கு வருவேன் தம்பி," என்றார். "சோதன நாள்ல பாத்தா தண்ணி எறங்கியிருக்கும். ராத்திரி பூரா ஒழுகியிருக்கேன்னு கால் சுத்து இறுக்கி வுடுவேன். வேல முடிஞ்சதும் கழட்டிக் கழுவுறதும் நாந்தானே. அதான் யாருக்கும் தெரியல."

"ரெண்டு பக்கமுமா?"

"இல்ல. நீலப் புள்ளி இருக்குற பக்கம் மட்டுந்தான்."

"மத்தப் பக்கம்?"

"அது எவனோ வெளிநாட்டுக்காரன் கொழாய். அவன் கொழாய் ஒழுகுனா எனக்கென்ன?"

நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத முடியாது. மிஸ் குழாய்களைப் பக்கம் மாற்றிப் போட்ட அன்றும் இந்த மனிதர் நீலப் புள்ளியைத் தேடிப் போய், அன்போடு, அக்கறையோடு, அதே குழாயை இறுக்கியிருக்கிறார். விரோதி ஒருவன் திட்டம் போட்டாலும் இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க முடியாது.

இப்போது அவருக்கு முன்னால் இரண்டே வழி. வாயைத் திறந்தால் வேலை போகும். அதைவிடப் பெரிதாக, முப்பத்தெட்டு வருடம் சேர்த்த பெயர் ஒரே நாளில் போகும். திறக்காவிட்டால் பேராசிரியை இன்னும் பத்து நிமிடத்தில் எழுதி முடித்துவிடுவார், யாருக்கும் ஒன்றும் தெரியவராது. நான் சொல்லிவிடுவேனோ என்று அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் சொல்லியிருப்பேனா என்று எனக்கே தெரியாது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது, கூட்டிவந்தவன் நான்தானே.

அவர் குழாயை மூடினார். இறுக்கவில்லை, சும்மா மூடினார். உள்ளே போய் மிஸ்ஸுக்கும் பேராசிரியைக்கும் நடுவில் நின்றார்.

"மிஸ், கொழாய் மேல குத்தம் இல்ல. எங் கைதான் குத்தம். ஒங்க பக்கத்த மட்டும் நான் ஒவ்வொரு தடவையும் இறுக்கியிருக்கேன். பெக்டரியில எல நல்லா நசுங்கி சாறு வந்தாத்தான் தேயில. நசுங்காட்டி தோட்டத்துத் தொரை ஏசுவாரு. அதே பழக்கத்துல வந்துட்டேன். இங்க நசுங்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாது."

மிஸ் அதைக் கேட்டு ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பேராசிரியைக்கு மிச்சத்தை மாரிசாமி அண்ணன் தானே சிங்களத்தில் சொன்னார். சிங்களத்திலும் ஒன்றையும் குறைக்கவில்லை. பேராசிரியை பேனையை மூடினார்.

"இரத்தம் இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார்.

ஸாஹிர் நானா அளவு பார்க்காமல் கொடுத்த இரண்டாவது போத்தல் இருந்தது. அன்றுதான் அந்த மனிதரின் தாராளத்தை நான் மனதார வாழ்த்தினேன். இன்னும் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அதை ஓட்டி முடிக்க வேண்டும், பிறகு இரத்தம் தானாகவே பழுதாகிவிடும்.

புதுக் குழாய் மாட்டி, உப்புத் தண்ணீர் நிரப்பி, திருகாணியை யார் வைப்பது என்று வந்தபோது மிஸ் ஸ்பேனரை மாரிசாமி அண்ணனிடம் நீட்டினார்.

"நீங்களே தளர்த்துங்க."

என் வாழ்க்கையில் ஒருவர் ஒரு திருகாணியைத் தளர்த்த அவ்வளவு கஷ்டப்பட்டதை நான் பார்த்ததில்லை. கால் சுற்றுத் தளர்த்துவார், கை தானாக அரைக்கால் சுற்று இறுக்கிவிடும். "அண்ணே," என்பார் மிஸ். மறுபடியும் தளர்த்துவார். தண்ணீர் மெல்ல இறங்கத் தொடங்கியது. நிமிடத்துக்கு ஒரு விரற்கடை. அவர் அதைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எறங்குதா மிஸ்?" என்று கேட்டார். "எறங்குது," என்றார் மிஸ். "அப்ப சரி," என்றார், பல் பிடுங்கிக்கொண்டவர் மாதிரி.

ஒரு மணித்தியாலம் ஓட்டினோம். பேராசிரியை என் மனைவி கட்டித் தந்த சோற்றைச் சாப்பிட்டார். எனக்குப் பசிதான், ஆனால் அந்த நேரத்தில் அதையா சொல்வது. சுழலவிட்டு எடுத்தபோது இரண்டு குழல்களையும் மிஸ் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். ஒன்று மஞ்சள். நீலப் புள்ளிக் குழாயினுடையதும் மஞ்சள். மிஸ் அழுதுவிட்டார். நான் போத்தல் கழுவுகிற சாக்கில் தொட்டிப் பக்கம் போய்விட்டேன்.

அதோடு முடிந்திருக்கலாம், ஆனால் அறிக்கையில் தவறுக்குக் காரணம் எழுத வேண்டியிருந்தது. பணியாளர் அனுமதியின்றிக் கருவியைத் தொட்டார் என்று எழுதச் சொன்னார் மாரிசாமி அண்ணன். பணியாளருக்குக் காரணம் விளக்கப்படவில்லை என்று எழுதச் சொன்னார் மிஸ். அவர் தன்மேல் போட, இவர் தன்மேல் போட, கால் மணித்தியாலம் தர்க்கம் நடந்தது. பழியை அடுத்தவன் தலையில் கட்டுவதற்குச் சண்டை போடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். பேராசிரியை கடைசியில் இரண்டையும் எழுதிக்கொண்டு காரில் ஏறினார்.

அவர் போன பிறகு மிஸ் கேட்டார். "அண்ணே, தண்ணி எறங்குதுண்டு தெரிஞ்ச அன்டைக்கே என்கிட்ட ஏன் கேக்கல்ல?"

மாரிசாமி அண்ணனின் குரலில் கோபமோ குறையோ இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது மாதிரித்தான் சொன்னார்.

"இதச் செய்யி, அதச் செய்யின்னுதான் சொல்லுவாங்க மிஸ். எதுக்குன்னு எந்தத் தொரையும் சொன்னதில்ல. கேட்டா வாய்க்காரன்னு பேரு. கேக்காமலே செஞ்சு பழகிப்போச்சு."

எனக்குச் சுருக்கென்றது. அந்த நிலையத்தில் எட்டு மாதமாக நானும் அவரிடம், இதைத் தூக்குங்கள், அதைப் பிடியுங்கள் என்றுதான் சொல்லியிருந்தேன்.

வேலைத்திட்டம் தொடர்ந்தது. மாரிசாமி அண்ணனை யாரும் நிறுத்தவில்லை. இரண்டு மாதம் கழித்து மிஸ் அடுத்த வேலையைத் தொடங்கினார். இதய வால்வுகளைச் சோதிப்பதற்கான ஒரு பெரிய கருவி. ஒரு திங்கட்கிழமை காலை வெற்றுத் தாளை மேசைமேல் விரித்து, கதிரையொன்றை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டார். மாரிசாமி அண்ணன் அப்போது தரையில் உட்கார்ந்து, எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு மோட்டார் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இங்க வந்து இரிங்க. கோடு ஒன்டும் போட முந்தி இது எதுக்குண்டு சொல்றன். கேட்டுட்டு, சரிவராதுண்டா சரிவராதுண்டு சொல்லுங்க."

அவர் எழுந்தார். மேசையைப் பார்த்தார், பக்கத்தில் போட்டிருந்த கதிரையைப் பார்த்தார், குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

"ஒரு நிமிசம் இருங்க மிஸ்," என்றார். "சட்டைய மாத்திக்கிட்டு வந்துர்றேன்."